மலிவு டிவிடி பிளேயர்: எது வசதி, எது பூட்டு?

1997 மார்ச்சில் அமெரிக்கக் கடைகளுக்கு டிவிடி பிளேயர் வந்தபோது, அதை வாங்க 500 டாலருக்கு மேல் தேவைப்பட்டது. 2003 இறுதியில் அதே நாட்டில் 30 டாலருக்கும் குறைவாக ஒரு பிளேயர் கிடைத்தது. மின்னணுச் சாதனங்களின் விலை விழுவது புதிதல்ல. இங்கே புதிதாக நடந்தது வேறு: விலை குறைந்த பெட்டி, விலை கூடிய பெட்டியைவிட அதிக வேலை செய்தது. பெயர்பெற்ற நிறுவனங்களின் பிளேயர்கள் பல, வேற்று நாட்டு வட்டைப் போட்டால் வாசிக்க மறுத்தன. வீட்டில் எழுதிய சிடியைச் சில கண்டுகொள்ளவே இல்லை. எம்பி3 பாடல்களும் வீடியோ சிடியும் பலவற்றில் ஓடவில்லை. சீனத் தொழிற்சாலையிலிருந்து வந்த, பெயரே கேள்விப்படாத பிளேயர் இவற்றையெல்லாம் வாசித்தது. ரிமோட்டில் சில எண்களைத் தட்டினால் மறுக்கப்பட்ட வட்டுகளையும் வாசித்தது.

இதிலிருந்து எழுந்த கேள்விக்கு இரண்டு பகுதிகள் உண்டு. மலிவுப் பெட்டி இப்படி நெகிழ்ந்து கொடுத்தது ஏன்? அதை மாற்றியமைத்தவர்களுக்கு உண்மையில் கிடைத்தது என்ன? இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகத் திரைப்பட நிறுவனங்களும் பொறியாளர்களும் சட்ட அறிஞர்களும் ஒலிப் பிரியர்களும் பழுது பார்ப்பவர்களும் இதற்கு வெவ்வேறு விடைகள் சொல்லிவந்திருக்கிறார்கள். அந்த விடைகள் எங்கிருந்து வந்தன, எங்கே தளர்கின்றன என்று பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

உள்ளே ஒரே சில்லு

மலிவுப் பிளேயரின் மூடியைக் கழற்றினால் உள்ளே பாதிக்கு மேல் வெற்றிடம்தான். வட்டைச் சுழற்றும் பகுதி ஒன்று, மின்வழங்கி ஒன்று, உள்ளங்கை அளவு பலகை ஒன்று. அந்தப் பலகையின் நடுவில் இருக்கும் சில்லுதான் முழுக் கருவியும். தைவானின் மீடியாடெக், சன்பிளஸ், அமெரிக்காவின் இஎஸ்எஸ், ஸோரன் ஆகிய நிறுவனங்கள் இத்தகைய சில்லுகளைச் செய்தன. மீடியாடெக்கின் எம்டி1389 வரிசை எத்தனை பெயர்ப்பலகைகளுக்குப் பின்னால் இருந்தது என்று எண்ணி முடியாது. பழுது பார்ப்பவர்கள் பிளேயரை நிறுவனப் பெயரால் குறிப்பிடாமல் ‘எம்டிகே போர்டு’, ‘சன்பிளஸ் போர்டு’ என்று சொல்வது இதனால்தான்.

சில்லு நிறுவனம் உலகம் முழுவதற்கும் ஒரே சில்லைச் செய்து, அதோடு கருவியை இயக்கும் உள்மென்பொருளான ஃபர்ம்வேரின் மாதிரியையும் கொடுத்தது. சீனச் சந்தையில் வீடியோ சிடி 1990-களிலேயே பரவியிருந்ததால் அதை வாசித்தாக வேண்டும். ஆசிய வீடுகளில் கரோக்கே ஒரு பொழுதுபோக்கு என்பதால் மைக் செருகும் துளை வந்தது. தொலைக்காட்சி ஒளிபரப்பு ஐரோப்பாவில் பால் முறை, அமெரிக்காவில் என்டிஎஸ்சி முறை என்பதால் இரண்டும் வேண்டும். ஒவ்வொரு சந்தைக்கும் தனிச் சில்லு செய்வதைவிட எல்லாவற்றையும் ஒன்றில் அடக்குவது மலிவு. எந்த வசதியை எந்த நாட்டில் காட்டுவது, எதை மறைப்பது என்பது நினைவகத்தில் எழுதப்படும் ஓர் எண்ணாகச் சுருங்கியது.

எழுதிய சிடி விஷயத்தில் காரணம் இன்னும் எளிது. டிவிடியை வாசிக்க 650 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசர் போதும். ஆனால் எழுதும் சிடியில் பூசப்பட்ட சாயம் அந்த ஒளியைப் போதுமான அளவு திருப்பி அனுப்பாது. அதற்கு 780 நானோமீட்டர் லேசர் தேவை. முதல் தலைமுறைப் பிளேயர்கள் சில ஒற்றை லேசரோடு வந்தன. பின்னர் வந்த மலிவுப் பிளேயர்கள் இரட்டை லேசர் தலைகளை வாங்கிப் பொருத்தின. பிந்தி வந்ததால் கிடைத்த ஆதாயம் அது. மலிவுப் பெட்டியின் பெருமைகளில் ஒரு பகுதி இத்தகையது. அதைத் தயாரிப்பாளரின் தாராள மனமாக எடுத்துக்கொள்வதற்கில்லை.

விலைக் கணக்கையும் இங்கே சேர்க்க வேண்டும். டிவிடி காப்புரிமைகள் பல கூட்டுகளின் கையில் இருந்தன. ஹிட்டாச்சி, மட்சுஷிட்டா, மிட்சுபிஷி, டைம் வார்னர், தோஷிபா, ஜேவிசி சேர்ந்தது ஒன்று. பிலிப்ஸ், சோனி, பயனியர் சேர்ந்தது இன்னொன்று. ஆறு நிறுவனக் கூட்டு 2002-இல் சீன உற்பத்தியாளர்களோடு செய்துகொண்ட உடன்பாட்டில் ஏற்றுமதியாகும் பிளேயர் ஒன்றுக்கு 4 டாலர் உரிமத் தொகை. மற்றக் கூட்டுகளும் டால்பி போன்ற நிறுவனங்களும் தனியே கேட்டன. 40 டாலருக்கு விற்கும் பெட்டியில் இது பெரும் பங்கு. பெயரில் போட்டியிட வழியில்லாத உற்பத்தியாளர் வசதிகளின் எண்ணிக்கையில் போட்டியிட்டார். பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட அந்த நீண்ட பட்டியல் பிறந்த இடம் இதுதான்.

எட்டு மண்டலங்கள்: திரைத்துறையின் வாதம்

டிவிடி அமைப்பு உலகை மண்டலங்களாகப் பிரித்தது. அமெரிக்காவும் கனடாவும் 1, மேற்கு ஐரோப்பா, ஜப்பான், மத்தியக் கிழக்கு, தென்னாப்பிரிக்கா 2, தென்கிழக்காசியாவும் தென்கொரியாவும் ஹாங்காங்கும் 3, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, லத்தீன் அமெரிக்கா 4, இந்தியா, ரஷ்யா, ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி 5, சீனா 6. ஏழாவது ஒதுக்கி வைக்கப்பட்டது. எட்டாவது விமானங்களுக்கும் கப்பல்களுக்கும்.

இதற்குத் திரைப்பட நிறுவனங்கள் தந்த காரணம் வெளியீட்டு இடைவெளி. அமெரிக்காவில் திரையரங்கை விட்டு வட்டாக வந்துவிட்ட படம், ஐரோப்பாவில் அப்போதுதான் திரையரங்குக்கு வரும். வட்டு கடல் கடந்துவிட்டால் திரையரங்கு வருமானம் போகும். இரண்டாவது காரணம் விநியோக உரிமை: ஒரு நாட்டின் உரிமையை விலை கொடுத்து வாங்கியவர், வேறு நாட்டு வட்டு தன் சந்தையில் விற்பதைத் தாங்க மாட்டார். மூன்றாவது காரணத்தை வெளிப்படையாகச் சொல்லத் தயங்கினார்கள்: நாட்டுக்கு நாடு வேறு விலை.

மூன்றாவதை எளிதில் தள்ளிவிட முடியாது. வாங்கும் சக்தி குறைந்த நாட்டில் விலையைக் குறைத்து விற்க வேண்டுமானால், அந்த மலிவு வட்டு பணக்கார நாட்டுக்குத் திரும்பாது என்ற உறுதி விற்பவருக்கு வேண்டும் என்பது பொருளியலில் மதிக்கத்தக்க வாதம். மோசர் பேர் நிறுவனம் 2007-இல் இந்தியச் சந்தையில் திரைப்பட டிவிடியை 34 ரூபாய்க்கும் வீடியோ சிடியை 28 ரூபாய்க்கும் விற்றது. அந்த விலையை எண்ணிப் பார்த்தால் ஹாலிவுட்டின் அச்சம் புரிகிறது. ஆனால் அதே நிகழ்வு வாதத்தின் பலவீனத்தையும் காட்டுகிறது. மோசர் பேர் விலையை இறக்கியது திருட்டு வட்டோடு போட்டியிட. ஐந்தாம் மண்டலம் என்ற வேலி இருந்த காலம் முழுவதும் ஹாலிவுட் வட்டுகள் இந்தியாவில் அந்த விலைக்கு இறங்கவில்லை. வேலி மலிவு விலைக்கு வழி செய்யும் என்ற வாக்கு இங்கே அவ்வளவாகப் பலிக்கவில்லை.

வெளியீட்டு இடைவெளி வாதத்துக்கும் ஓட்டை உண்டு. ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய படங்களின் வட்டுகளிலும் மண்டலக் குறி இருந்தது. அவற்றின் திரையரங்கு வாழ்வு எப்போதோ முடிந்துவிட்டது. பிற்காலத்தில் பெரிய படங்கள் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே நாளில் வெளியாகத் தொடங்கின. குறி மட்டும் தொடர்ந்தது. 2009 மார்ச்சில் அமெரிக்க அதிபர் ஒபாமா பிரிட்டிஷ் பிரதமர் கோர்டன் பிரவுனுக்கு 25 அமெரிக்கத் திரைப்பட டிவிடிகளைப் பரிசளித்தபோது, அவை பிரிட்டனின் பிளேயர்களில் ஓடாதவை என்று செய்திகள் வந்தன. பணம் கொடுத்து முறையாக வாங்கிய வட்டுக்கும் இதே நிலைதான் என்பதை அந்தச் செய்தி உலகறியச் செய்தது.

அபெக்ஸும் அதன் மறைப் பட்டியும்

மாற்றியமைத்தல் பொதுப்பேச்சானது 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில். கலிபோர்னியாவைச் சேர்ந்த அபெக்ஸ் டிஜிட்டல் நிறுவனம் விற்ற ஏடி-600ஏ என்ற சீனத் தயாரிப்புப் பிளேயர் 180 டாலர் அளவில் விற்றது. எம்பி3 வாசித்தது. ரிமோட்டில் சில பொத்தான்களை வரிசையாக அழுத்தினால் மறைப் பட்டி ஒன்று திரையில் வந்தது. மண்டலக் குறியையும் மேக்ரோவிஷன் நகல் தடுப்பையும் அங்கேயே அணைக்கலாம். தொழிற்சாலைச் சோதனைக்காக வைத்ததை நீக்காமல் அனுப்பிவிட்டார்கள் என்று சிலரும், தெரிந்தே விட்டார்கள் என்று சிலரும் சொன்னார்கள். விரைவில் அந்தப் பட்டி இல்லாத பதிப்புகள் வந்தன. அதற்குள் வாடிக்கையாளர் புரிந்துகொண்டுவிட்டார்: பூட்டு இரும்பால் ஆனதல்ல, அது ஒரு மென்பொருள் வரி.

அதன்பின் இது வழக்கமாயிற்று. பிலிப்ஸ் 2004-இல் கொண்டுவந்த டிவிபி642 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 70 டாலர் அளவில் விற்ற அந்தப் பிளேயர் டிவ்எக்ஸ் என்ற சுருக்கப்பட்ட வீடியோக் கோப்புகளையும் வாசித்தது. செட்டப் பட்டியில் விருப்பத் தேர்வுப் பக்கத்தில் 138931 என்று அழுத்தினால் மண்டல எண் தோன்றும். அம்புக்குறியால் அதைச் சுழியமாக்கலாம், அதாவது எல்லா மண்டலத்துக்கும் திறக்கலாம். பிலிப்ஸ் டிவிடி அமைப்பை உருவாக்கிய கூட்டணியில் இருந்த நிறுவனம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். விதியை வகுத்தவர் பெட்டியிலேயே விதியைத் தளர்த்தும் எண் இருந்தது என்றால், ‘மறதி’ என்ற விளக்கம் வலுவிழக்கிறது. எல்லா மண்டலத்துக்கும் ஒரே பலகையைச் செய்து, கடைசி நிலையில் எண்ணை இடும் உற்பத்தி முறையே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது என் கணிப்பு.

குறி எப்படி வேலை செய்கிறது, எதிர்க்குறி எப்படி வந்தது

வட்டின் தொடக்கக் கோப்பில் எட்டு பிட்டுகள் உள்ளன. ஒவ்வொரு பிட்டும் ஒரு மண்டலத்துக்கு ‘கூடாது’ என்று சொல்லக்கூடியது. பிளேயர் தன் எண்ணை அதோடு ஒப்பிடுகிறது; தடை இருந்தால் நின்றுவிடுகிறது. எட்டும் திறந்திருந்தால் அதைத்தான் பேச்சு வழக்கில் ‘ஆல் ரீஜன்’ வட்டு என்கிறோம். புலம்பெயர் தமிழர்களுக்காக லண்டனிலிருந்து ஐங்கரன் இன்டர்நேஷனல் போன்றவர்கள் வெளியிட்ட தமிழ்ப் பட வட்டுகள் பெரும்பாலும் இந்த வகை. டொராண்டோவிலும் பாரிஸிலும் சிங்கப்பூரிலும் ஒரே வட்டை விற்க வேண்டியவருக்கு மண்டலப் பிரிவால் இழப்பே உண்டு, ஆதாயம் இல்லை.

பிளேயரைச் சுழிய மண்டலமாக்கியவர்களுக்கு எதிராக 2000-இல் ஒரு மேம்பட்ட குறிமுறை வந்தது. ‘தி பேட்ரியாட்’ படத்தின் முதல் மண்டல வட்டு இதன் தொடக்கம். டிவிடியில் ஒவ்வொரு வட்டும் பிளேயருக்குச் சிறு கட்டளைகள் இட முடியும். இந்த வட்டு பிளேயரின் மண்டலப் பதிவேட்டைத் தானே கேட்டுப் பார்த்தது. ‘நான் எல்லா மண்டலமும்’ என்று சொன்ன பிளேயருக்கு உலக வரைபடத்தையும் ஒரு மறுப்புச் செய்தியையும் காட்டியது. தீர்வும் எளிதாகவே கிடைத்தது. பிளேயரைச் சுழியத்தில் வைக்காமல் நேரடியாக 1 என்று வைத்தால் போதும். இதனால் மாற்றியமைப்பவர்களிடையே இரு முறைகள் பிரிந்தன: எப்போதும் சுழியம் என்பது ஒன்று, வட்டுக்கு ஏற்ப எண்ணை மாற்றிக்கொள்வது இன்னொன்று. பிந்தையது சற்றுச் சிரமம், ஆனால் நம்பகமானது.

கணினி இயக்கிகளில் நிலைமை கடுமையாக இருந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் வந்த இயக்கிகளில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்றலாம். பிறகு கடைசி எண்ணிலேயே உறைந்துவிடும். வரவேற்பறைப் பெட்டி கணினியைவிடச் சுதந்திரமாக இருந்த அரிய தறுவாய் அது.

பால், என்டிஎஸ்சி: பலர் கவனிக்காத வேலி

மண்டலக் குறியைத் திறந்தபின்னும் படம் வராமல் போவதுண்டு. காரணம் ஒளிபரப்பு முறை. பால் வட்டில் படம் 720-க்கு 576 புள்ளிகள், விநாடிக்கு 25 சட்டங்கள்; என்டிஎஸ்சி வட்டில் 720-க்கு 480, ஏறத்தாழ 30. அமெரிக்காவில் விற்ற பெயர்பெற்ற பிளேயர்கள் பல பால் வட்டைத் தொடவில்லை. மலிவுச் சில்லு இரண்டையும் வாசித்து, தேவைப்பட்டால் ஒன்றை மற்றொன்றாக மாற்றியும் கொடுத்தது. மாற்றத்தின் தரம் சுமார்தான்: அசைவில் தடுக்கல், சாய்கோடுகளில் பல்வரிசை போன்ற வெட்டு. ஆனால் மறுப்பைவிடச் சுமாரான படம் மேல் என்று வாங்கியவர்கள் முடிவு செய்தார்கள். அந்த முடிவு நியாயமானது என்றே தோன்றுகிறது.

இதில் ஒலிக்கும் ஒரு பங்குண்டு. திரைப்படம் விநாடிக்கு 24 சட்டங்கள். பால் வட்டில் அது 25 ஆக ஓடும். 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும். சுருதியைத் திருத்தாமல் விட்டால் பாட்டு ஏறத்தாழ முக்கால் அரைச்சுரம் உயர்ந்து கேட்கும். பாடல்களுக்காகவே வட்டு வாங்கும் தமிழ் ரசிகருக்கு இது சிறு விஷயமல்ல. என்டிஎஸ்சி வட்டு 24 சட்ட மூலத்திலிருந்து நேரே செய்யப்பட்டிருந்தால் சுருதி பிசகாது. பிளேயரை எவ்வளவு மாற்றினாலும் இந்தக் குறையைத் தீர்க்க முடியாது. அது வட்டு தயாராகும் இடத்திலேயே நேர்ந்துவிடுகிறது.

மேக்ரோவிஷன், தாண்ட முடியாத எச்சரிக்கை, பெரிதாக்கிய படம்

மண்டலக் குறி ஒன்றுதான் பூட்டு என்று நினைப்பது தவறு. மேக்ரோவிஷன் திரையில் தெரியாத வரிகளில் துடிப்புகளைச் செருகி, வீடியோ ரெக்கார்டரின் தானியங்கி அளவுக் கட்டுப்பாட்டை ஏமாற்றுகிறது. பதிவான படம் இருண்டும் வெளுத்தும் துடிக்கும். இதை அணைப்பதன் நோக்கம் நகல் எடுப்பது மட்டும்தான் என்று உரிமையாளர்கள் சொன்னார்கள். ஏவி துளை இல்லாத பழைய தொலைக்காட்சிக்கு ரெக்கார்டர் வழியாக இணைத்தவர்கள், வெறுமனே பார்ப்பதற்கே படம் துடிக்கிறது என்றார்கள். இரண்டும் உண்மை. ஒரே அணைப்பு விசை இருவருக்கும் பயன்பட்டதால் நோக்கத்தை வைத்துப் பிரிக்க வழியில்லாமல் போனது.

வட்டின் தொடக்கத்தில் வரும் எச்சரிக்கைப் பலகையைத் தாண்ட விடாத ‘செயல் தடை’ இன்னொரு பூட்டு. விளம்பரங்களுக்கும் அதைப் பயன்படுத்தியபோது, மாற்றிய ஃபர்ம்வேர்கள் அதையும் நீக்கின. எல்லா மாற்றங்களிலும் இதற்கு எதிரான வாதம்தான் மிகவும் பலவீனம்.

உயர் தெளிவுத் தொலைக்காட்சி வந்தபின் மூன்றாவது எழுந்தது. வட்டின் 480 வரிப் படத்தைப் பிளேயரே 720 அல்லது 1080 வரிகளாகப் பெரிதாக்கித் தரலாம். ஆனால் பூட்டிய வட்டுகளை அனலாக் காம்போனன்ட் வழியாக அப்படித் தரக்கூடாது என்பது உரிம நிபந்தனை. எச்டிஎம்ஐ இல்லாத முதல் தலைமுறை உயர் தெளிவுத் திரைகளை விலை கொடுத்து வாங்கியவர்கள் இதனால் ஏமாந்தார்கள். ஜெனித் டிவிபி318 போன்ற சில பிளேயர்கள் இந்தத் தடையைத் தளர்த்த இடம் கொடுத்ததால் தேடப்பட்டன. ஆனால் பெரிதாக்குவதால் புதிய விவரம் எதுவும் பிறப்பதில்லை. திரையே அந்த வேலையைச் செய்கிறது. யார் நன்றாகச் செய்கிறார் என்பது மட்டுமே வேறுபாடு. மலிவுப் பிளேயர் அதில் வென்றது சில திரைகளோடுதான்.

டிவ்எக்ஸும் எழுத்துருவும்

2003 வாக்கில் டென்மார்க்கின் கிஸ் நிறுவனம் டிவ்எக்ஸ் வாசிக்கும் பிளேயர்களைக் கொண்டுவந்தது. விரைவிலேயே மீடியாடெக் சில்லு அதை மலிவுப் பெட்டிக்கும் தந்தது. யுஎஸ்பி துளையும் சேர்ந்தபோது வட்டே தேவையில்லாத வட்டு பிளேயர் உருவாயிற்று. வரம்புகள் இருந்தன: 720-க்கு 576-ஐத் தாண்டிய படம் ஓடாது, கோப்பைச் சுருக்கும்போது சில நுணுக்க முறைகளைப் பயன்படுத்தியிருந்தால் படம் சிதறும். சில்லின் கணக்கிடும் திறன் சார்ந்த குறைகளை எந்த ஃபர்ம்வேராலும் தீர்க்க முடியவில்லை.

வசன வரிகளில் ஒரு செய்தி தமிழருக்கு நேரடியாகப் பொருந்தும். டிவிடியின் சொந்த வசன வரிகள் எழுத்தல்ல, படங்கள். ஆகவே எந்த எழுத்து வடிவமும் எந்தப் பிளேயரிலும் தெரியும்; ஒரு வட்டில் 32 வரிசைகள் வரை வைக்கலாம். டிவ்எக்ஸ் கோப்போடு வரும் வசன வரிகளோ எழுத்துக் கோப்பு. அவற்றை வரைய ஃபர்ம்வேருக்குள் எழுத்துரு வேண்டும். ஒன்றிரண்டு மெகாபைட் நினைவகத்தில் லத்தீன், சிரிலிக், சீனம் என்று சந்தைக்கு ஏற்ப இடம் பிடித்தன. கிழக்கு ஐரோப்பியப் பயனர்கள் ஃபர்ம்வேரைப் பிரித்துத் தங்கள் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டார்கள். மாற்றியமைத்தலின் மிக அழகான பயன் அதுதான் என்று எனக்குப் படுகிறது: தன் மொழியில் படிப்பதற்காகக் கருவியைத் திருத்துவது. தமிழுக்கு அது எளிதல்ல. கொம்பு மெய்யெழுத்துக்கு முன்னே வர வேண்டும், ‘ஒ’கர ஓசை இருபுறமும் பிரிய வேண்டும் என்ற வரிசைப்படுத்தல் அந்தச் சிறு மென்பொருளில் இல்லை, எழுத்துருவை மட்டும் மாற்றினால் போதாது.

சால்டரிங் பிடித்தவர்கள்

ஒலிப் பிரியர்களின் மாற்றியமைத்தல் வேறு உலகம். மலிவுப் பிளேயரின் எண்முறை வெளியீடும் விலையுயர்ந்த சிடி பிளேயரின் எண்முறை வெளியீடும் ஒரே பிட்டுகளைத் தருகின்றன, ஆகவே நல்ல வெளிமாற்றி ஒன்றை இணைத்தால் போதும் என்பது ஒரு கட்சி. மின்வழங்கியின் இரைச்சலும் கடிகாரத் துடிப்பின் நடுக்கமும் ஒலியைக் கெடுக்கின்றன, ஆகவே கண்டென்சர், ஆப்-ஆம்ப், கடிகாரம் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும் என்பது இன்னொரு கட்சி.

முதல் கட்சியின் வாதம் அளந்து பார்க்கக்கூடியது. இரண்டாவதன் அடிப்படையும் தவறல்ல. மின்வழங்கி இரைச்சலை அலைநோக்கியில் காணலாம். ஆனால் மாற்றத்துக்குப் பின் காதில் கேட்டதாகச் சொல்லப்படும் வேறுபாடுகளில் பெரும்பாலானவை மறைத்து வைத்து ஒப்பிடும் சோதனைக்கு உட்படுத்தப்படாதவை. 60 டாலர் பெட்டியில் 200 டாலர் உதிரிகளைப் பொருத்தியவர், வேறுபாடு இல்லை என்று சொல்வது கடினம். விலைக்கும் உள்ளடக்கத்துக்கும் உள்ள தொடர்பு தளர்வானது என்பதற்கு எதிர்த்திசையிலும் சான்று உண்டு. 2010-இல் லெக்சிகான் நிறுவனத்தின் 3,500 டாலர் ப்ளூ-ரே பிளேயர் ஒன்று, 500 டாலர் ஆப்போ பிளேயரை அப்படியே புதிய உறைக்குள் வைத்தது என்று பெட்டியைத் திறந்து பார்த்த விமர்சகர்கள் காட்டினார்கள்.

சால்டரிங் இரும்புக்குச் சந்தேகமற்ற பயன் ஒன்று உண்டு: பழுது நீக்குவது. மலிவுப் பெட்டியில் முதலில் சாவது மின்வழங்கியின் கண்டென்சர். மேல்புறம் உப்பிய கண்டென்சரைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம். சில ரூபாய் உதிரியால் கருவி மீண்டும் உயிர்பெறும். அடுத்தது ‘லென்ஸ்’ என்று கடைகளில் சொல்லப்படும் லேசர் தலை. சோனியின் கேஎச்எம்-313, சான்யோவின் எச்டி-62 போன்ற ஒருசில வகைகளே எண்ணற்ற மாடல்களில் இருந்ததால் சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் அவை எளிதாகக் கிடைத்தன. தரப்படுத்தலால் நுகர்வோருக்குக் கிடைத்த பெரும் நன்மை இது. அதைப் பற்றி எழுதப்பட்டது குறைவு. எச்சரிக்கையும் தேவை. 230 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் பிளேயரின் முதன்மைக் கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்னழுத்தம் நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் இருக்கும். ஃபர்ம்வேரிலும் ஆபத்து உண்டு. பலகைக்குப் பொருந்தாத கோப்பை எழுதினாலோ பாதியில் மின்சாரம் போனாலோ பிளேயர் விழிக்காது. ஒரே மாடல் எண்ணுக்குள் வேறு வேறு பலகைகளை வைத்து விற்பது மலிவுச் சந்தையின் பழக்கம் என்பதால் இந்த விபத்து அடிக்கடி நேர்ந்தது.

சட்டம் சொன்னவை

வட்டின் உள்ளடக்கத்தைக் காத்த சி.எஸ்.எஸ். பூட்டு 40 பிட் சாவி கொண்டது. 1999 இறுதியில் அது உடைந்தது. அதில் பங்கேற்ற நார்வேச் சிறுவன் யோன் லெக் யோஹான்சனை ஒஸ்லோ நீதிமன்றம் 2003 ஜனவரியில் விடுவித்தது. மேல்முறையீட்டிலும் அதே தீர்ப்பு. தான் வாங்கிய வட்டைத் தான் பார்ப்பது குற்றமல்ல என்ற நிலைப்பாடு அது. அமெரிக்காவில் 1998-இன் டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டம் எதிர்த்திசையில் நின்றது. உடைக்கும் நிரலை வெளியிட்ட இதழுக்கு எதிராக 2000-இல் தடையாணை வந்தது. மண்டலக் குறியைத் தாண்ட விலக்கு கேட்டவர்களுக்கும் 2003-இல் அங்கே விலக்கு கிடைக்கவில்லை.

ஆஸ்திரேலியாவின் பாதை தெளிவானது. விளையாட்டுக் கருவிகளின் மாற்றுச் சில்லு குறித்த ஸ்டீவன்ஸ் - சோனி வழக்கில் உயர் நீதிமன்றம் 2005-இல் மாற்றியமைத்தவர் பக்கம் நின்றது. அமெரிக்காவோடு செய்துகொண்ட வணிக உடன்பாட்டுக்காக 2006-இல் சட்டம் கடுமையாக்கப்பட்டபோதும், திரைப்பட வட்டுகளின் புவியியல் பிரிவினைக் குறி காக்கப்பட்ட தொழில்நுட்பமாகக் கருதப்படாது என்று விலக்கினார்கள். நகல் தடுப்பு வேறு, சந்தைப் பிரிப்பு வேறு என்று பிரித்துச் சொன்ன சட்டம் இது. இந்த விவாதத்தில் மிகச் சரியான வேறுபடுத்தல் இதுவே என்று கருதுகிறேன்.

இந்தியாவில் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தம் 65ஏ பிரிவைச் சேர்த்தது. உரிமை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பாதுகாப்பைத் தாண்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அபராதம். நோக்கம் என்ற சொல் முக்கியம். வெளிநாட்டில் வாங்கிய அசல் வட்டைப் பார்ப்பதற்காகப் பிளேயரின் எண்ணை மாற்றுவது இதற்குள் வருமா என்பது ஐயத்துக்குரியது, வராது என்று வாதிட நல்ல இடம் உண்டு. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: சட்டம் தடுக்காத நோக்கத்துக்காகப் பிறருக்குத் தாண்ட உதவுபவர், உதவி பெறுபவரின் பெயர், முகவரி, நோக்கம் ஆகியவற்றைப் பதிவு செய்து வைக்க வேண்டும். தெருமுனைப் பழுது பார்க்கும் கடைக்கு இது நடைமுறையில் என்ன பொருள் தரும் என்று யாரும் தெளிவாக்கவில்லை.

இன்னும் தீராதவை

இதுவரை பார்த்தவற்றில் சிலவற்றை ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். மலிவுப் பிளேயரின் திறந்த தன்மை உற்பத்திச் சிக்கனத்தின் விளைவு. அதைக் கொள்கை என்று வாசிப்பது மிகை. மண்டலக் குறியை நீக்குவதால் பார்வையாளருக்குக் கிடைத்த நன்மை பெரிது, உரிமையாளருக்கு நேர்ந்த இழப்பு நிறுவப்படவில்லை. படத் தரத்துக்கும் ஒலித் தரத்துக்குமான மாற்றங்கள் வாக்களித்ததைவிடக் குறைவாகவே தந்தன. பழுது நீக்கும் மாற்றங்கள் வாக்களிக்காமலே அதிகம் தந்தன.

தீராதது காலத்தைப் பற்றியது. ஆப்போ 2018-இல் பிளேயர் தயாரிப்பை நிறுத்தியது. நெட்ஃபிளிக்ஸ் தன் டிவிடி அஞ்சல் சேவையை 2023 செப்டம்பரில் மூடியது. இணைய ஸ்ட்ரீமிங் தளங்களில் இடம்பெறாத படங்கள், குறிப்பாகத் தமிழில், வட்டில் மட்டும் எஞ்சியிருக்கின்றன. அவற்றை வாசிக்கும் லேசர் தலைகள் இன்னும் எத்தனை ஆண்டு செய்யப்படும், பழைய மாடல்களின் ஃபர்ம்வேர் கோப்புகளையும் மறை எண்களையும் யார் சேர்த்து வைப்பார்கள், ஐந்தாம் மண்டல வட்டை எண்ணை மாற்ற முடியாத கடைசிப் பிளேயரில் எப்படிப் பார்ப்பது என்ற கேள்விகளுக்கு நூலகங்களிடமும் ஆவணக் காப்பகங்களிடமும் இன்னும் விடை இல்லை. வட்டுகளைத் திரட்டும் காப்பகங்கள் பிளேயர்களையும் அவற்றின் உதிரிகளையும் கூடவே திரட்ட வேண்டும் என்ற யோசனை உண்டு. அதைச் செயல்படுத்த முனையும் எவரும் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த மாடல் என்பதல்ல, எந்தச் சில்லு, எந்த லேசர் தலை என்பதையே.